"டென்த் முடியட்டும், மேடம்"

பள்ளிக்கூடத்து நீச்சல் கோச்சுக்கு வருடத்தில் இரண்டே பருவம்தான். ஏப்ரல், மே மாதங்களில் குளம் நிரம்பி வழியும். சம்மர் கேம்ப்புக்கு வந்த பிள்ளைகள் நிற்க இடமில்லாமல் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் பெரிய விஷயம். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் மண்டலப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எல்லாவற்றுக்கும் அணி கட்ட வேண்டும்.

சென்னையில் முப்பது வருடங்களுக்கு மேல் இந்த வேலையைப் பார்த்துவிட்டேன். ஒரு பிள்ளைக்கு நீச்சல் பழக்க மூன்று வாரம் போதும். போட்டிக்குத் தயாராக்க நாலைந்து வருடம் பிடிக்கும். பொறுமை உள்ள யாரும் இவை இரண்டையும் செய்துவிடலாம். பதினான்கு வயதில் நன்றாக நீந்துகிற பிள்ளையைப் பதினேழு வயது வரை தண்ணீரை விட்டுப் போகாமல் வைத்திருக்க வேண்டுமே, அங்கேதான் கோச்சின் முழுத் திறமையும் செலவாகிறது. இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் கடைசியில் அந்த மூன்று வருடங்களைச் சுற்றியே வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் கல்லூரி அணிக்காக நீந்தினேன். என் ஸ்ட்ரோக் பேக் ஸ்ட்ரோக். அப்போதெல்லாம் திரும்பும் இடத்தில், மல்லாந்த நிலையிலேயே கையால் சுவரைத் தொட்டாக வேண்டும். சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தலைக்கு மேலே கட்டியிருக்கும் கொடியிலிருந்து கைவீச்சை எண்ணித்தான் தெரிந்துகொள்வோம். 1991இல் விதி மாறியது. சுவருக்கு முன்னால் குப்புறப் புரண்டு, குட்டிக்கரணம் அடித்து, கால் பட்டால் போதும் என்றார்கள். அதற்குள் என் கல்லூரிக் காலம் முடிந்துவிட்டது. நான் ஒரு போட்டியில்கூடப் போடாத அந்த டர்னைத்தான் என் முதல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மதியம் குளம் காலியாக இருக்கும் நேரத்தில் நானே பழகிப் பார்த்து, மறுநாள் காலை அவர்களுக்குக் காட்டுவேன்.

கையிழுப்பும் அப்படித்தான் மாறியது. மார்க் ஸ்பிட்ஸின் கோச் ஜேம்ஸ் கவுன்சில்மேன் 1968இல் எழுதிய 'தி சயின்ஸ் ஆஃப் ஸ்விம்மிங்' எங்கள் காலத்துக் கோச்சுகளுக்கு வேதம். தண்ணீருக்கு அடியில் கை ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல வளைந்து வர வேண்டும் என்று அந்த வழியில் வந்தவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகள் வேறு விதமாகச் சொல்லின. முழங்கையை உயரமாக நிறுத்தி, முன்கையை நேராகப் பின்னால் தள்ளுவதில்தான் வேகம் அதிகம் என்று ஆயிற்று. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு எனக்கு அஸ்திவாரம் போட்டது. மற்றதெல்லாம் குளத்தங்கரையில் நின்று, ஒவ்வொரு மாற்றத்தையும் பிள்ளைகளின் தோளில் பார்த்துப் பார்த்துக் கற்றது.

புதிதாக வருகிற பிள்ளைக்கு முதலில் கை, கால் எதையும் சொல்லித்தர மாட்டேன். மூச்சு விடத்தான் சொல்லித்தருவேன். எல்லோரும் தண்ணீருக்குள் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்த மூச்சோடு மேலே வந்தால், பழைய காற்றை வெளியே விட்டுப் புதிய காற்றை உள்ளே இழுக்க நேரம் போதாது. மூன்றாவது தடவையில் பதற்றம் வந்துவிடும். அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அமிழ்த்தி, மூக்கால் குமிழி விடச் சொல்வேன். மேலே வந்தால் வாயால் இழுப்பது மட்டும்தான். சில பிள்ளைகளுக்கு இதற்கே ஒரு வாரம் ஆகும். அப்பாக்கள் கரையில் நின்று, "இன்னும் ஃப்ரீ ஸ்டைல் ஆரம்பிக்கலையா மேடம்?" என்று கேட்பார்கள். அந்த வாரத்தை நான் யாருக்காகவும் சுருக்கியதில்லை.

ஒரு வருடம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். கிணற்றில் நீந்தி வளர்ந்தவன். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தாத்தா பழக்கியிருக்கிறார். பயம் என்றால் என்னவென்று தெரியாது, மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு நீந்துவான். கிணற்றில் மேலேயிருந்து யார் குதிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா, அதில் வந்த பழக்கம். தலை தூக்கினால் இடுப்பும் காலும் இறங்கும். இறங்கிய காலை இழுத்துக்கொண்டு போவதிலேயே பாதி பலம் போய்விடும்.

அவனை லேனில் விடாமல் குறுக்குவாட்டில், ஆழமில்லாத பக்கத்தில் விட்டேன். நானும் இறங்கி, அவன் பின்னந்தலையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். தலை தூக்கும்போதெல்லாம் விரலை லேசாக அழுத்துவேன். அவன் கண் குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும், காது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் அவன் குதிகால் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து நின்றது. அவனுக்கே அது தெரிந்தது. "மிஸ், வழுக்கிக்கிட்டுப் போகுது மிஸ்" என்றான். இரண்டு மாதத்தில், நான்கு வருடமாகப் பயிற்சியில் இருந்த பையன்களுக்குப் பக்கத்து லேனில் ஓடினான். நம் கிணறுகளும் ஏரிகளும் வளர்த்த மூச்சு அது. நகரத்து டைல்ஸ் குளங்கள் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போவதில்லை என்பது எனக்குத் தீராத குறை.

நீச்சல் கோச் எப்போதும் முதலில் காவல்காரர். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை அசைத்துக் கூப்பிடாது. வாய் தண்ணீர் மட்டத்தில் போய்ப் போய் வரும், உடம்பு செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும், பார்வை எதிலும் நிற்காது. சத்தமே இருக்காது. பக்கத்தில் நிற்கிற பிள்ளைகூட விளையாடுகிறான் என்றுதான் நினைப்பான். ஒருமுறை இடுப்பளவு தண்ணீரிலேயே ஒரு ஆறாம் வகுப்புப் பெண்ணை இப்படிப் பார்த்துத் தூக்கியிருக்கிறேன். அவளைச் சுற்றி ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து என் உதவியாளர்களுக்கு ஒரே கட்டளை: சத்தம் போடுகிற பிள்ளையைக் கொஞ்சம் விட்டுவிடலாம், சத்தம் நின்றுபோன பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும்.

அடியில் யார் அதிக நேரம் இருப்பது என்ற போட்டியை என் குளத்தில் நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை. மளமளவென்று பத்து மூச்சு இழுத்துவிட்டுக் கீழே போனால், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவதே அந்த வாயுதான். அது குறைந்தால் முட்டவே முட்டாது, எச்சரிக்கை வராமலே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த, துணிச்சலான பிள்ளைகள்தான் இதில் போகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். இந்த எண் மனதில் இருக்கிற கோச் குளத்தங்கரையில் கைபேசியை எடுக்க மாட்டார்.

தண்ணீரைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலைதான். காலை ஐந்தரைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்றால், ஐந்து மணிக்கு நான் சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்து நீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, விளக்கடியில் வைத்துப் பார்ப்பேன். ஒரு குழாயில் மஞ்சள் வந்தால் குளோரின், இன்னொன்றில் வருகிற சிவப்பின் அழுத்தம் பி.எச். அளவைச் சொல்லும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பி.எச். 7.2 முதல் 7.6. இது தவறினால் கண் எரியும், தோல் வறளும். பெரும்பாலான பெற்றோர் குளோரின் வாடை அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகிற குளோரமைன்தான் அந்த வாடை. அதனால்தான் குளிக்காமல் குளத்தில் இறங்காதே என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒவ்வொரு நாளும் சொல்கிறோம். ஆரம்பத்தில் எங்களுக்கு ப்ளீச்சிங் பவுடரும் படிகாரமும்தான். ராத்திரி தூவிவிட்டுப் போனால், காலையில் அழுக்கு அடியில் படிந்திருக்கும். அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்போம். பிறகு நல்ல ஃபில்டர் வந்தது. குளத்தின் அடிக்கோடு ஆழப் பக்கத்திலும் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சென்னையில் நீச்சல் கோச்சாக இருப்பவருக்குத் தண்ணீர்ப் பஞ்சமும் தொழிலின் ஒரு பகுதி. 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் நாலரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் முப்பத்தெட்டு நடை. 2003-04 வறட்சியிலும், ஏரிகள் வற்றிய 2019 கோடையிலும், தெருவில் குடத்தோடு வரிசை நிற்கும்போது பள்ளிக்குளத்தை நிரப்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கவும் கூடாது. குளத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். ரப்பர் குழாயைக் கம்பியில் கட்டி கையிழுப்பு, பாயில் படுத்து வயிற்றுத் தசைக்கான பயிற்சி, சுவரில் முதுகை ஒட்டி நின்று, கைகளைக் காதோடு ஒட்டித் தலைக்கு மேல் கோத்து ஸ்ட்ரீம்லைன். அந்த மாதங்களில் நின்றுவிடாமல் மாடிக்கு வந்த பிள்ளைகள் தண்ணீர் திரும்பியதும் முன்னைவிடப் பலமாக இருந்தார்கள். தரைப்பயிற்சியை நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

போட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் கட்டினார்கள். அதுவரை 25 மீட்டர் குளத்திலேயே பழகிய என் பிள்ளைகள் அங்கே போய் முதல்முறை 50 மீட்டர் குளத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். பாதி வழியில் சுவர் கிடையாது. சுவர் என்றால் ஒரு டர்ன், ஒரு உதை, ஒரு கணம் ஓய்வு. அது இல்லாமல் 100 மீட்டர் நீந்தினால் நேரம் இரண்டு மூன்று விநாடி கூடிவிடும். அங்கே போவதற்கு முன்பே இதைப் பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால், தான் மெதுவாகிவிட்டதாக நினைத்து மனம் உடைந்துபோவார்கள்.

நேரம் எடுப்பதும் அப்படித்தான். பள்ளிப் போட்டிகளில் ஒரு லேனுக்கு மூன்று ஸ்டாப்வாட்ச். இரண்டு ஒன்றாக இருந்தால் அதுதான் நேரம். மூன்றும் வேறு வேறானால் நடுவில் உள்ளதை எடுப்பார்கள். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் விசில் கேட்ட பிறகுதான் பொத்தானை அமுக்குகிறார், முடிவில் கை வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சற்று முந்தி நிறுத்திவிடுகிறார். டச் பேடில் மின்னணு நேரம் வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் கால் விநாடி அளவு மெதுவானார்கள். கால் விநாடியில் மாநில அணியில் இடம் போகும். பழைய கைநேரத்தை வைத்துக்கொண்டு இலக்கு நிர்ணயிக்காதே என்று அதிலிருந்து சொல்லிவருகிறேன்.

தகுதியிழப்பு என்பது பெற்றோரால் தாங்கவே முடியாத விஷயம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். முதலாவதாக வந்த பிள்ளை பரபரப்பில் ஒரு கையால் தொட்டுவிடும். நடுவர் கை தூக்கிவிடுவார். "ஒரு கை முன்ன பின்ன பட்டா என்ன மேடம், அவதானே ஃபர்ஸ்ட் வந்தா?" என்று ஒரு அம்மா என்னிடம் அழுதார். நான் அவரை உட்காரவைத்து, "உங்க பொண்ணு அடுத்த தடவை ரெண்டு கையாலயும்தான் தொடுவா. இதை இன்னிக்கு விட்டுட்டா, மாநிலப் போட்டியில போய் இழப்பா" என்றேன். விதிகள் மாறுவதையும் கோச்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கொசுகே கிட்டாஜிமா பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தண்ணீருக்கடியில் டால்ஃபின் உதை போட்டார் என்று சர்ச்சை கிளம்பியது. அடுத்த வருடம் அந்த உதை ஒன்றை மட்டும் அனுமதித்து விதியையே திருத்தினார்கள். அதைப் படிக்காத கோச்சின் பிள்ளை ஒவ்வொரு சுவரிலும் அரை மீட்டரை இழந்துகொண்டிருந்தது.

1994இல் குற்றாலீஸ்வரன் பதின்மூன்று வயதுக்குள் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளை ஒரே வருடத்தில் கடந்து மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தபோது, என் குளத்துக்கு வந்த கூட்டத்தை இன்றும் மறக்க முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் வேறு விதம். பதக்கம் வேண்டாம், என் பிள்ளை மிதந்தால் போதும் என்றார்கள். 2008இல் மைக்கேல் பெல்ப்ஸ் பெய்ஜிங்கில் எட்டுத் தங்கம் வாங்கிய பிறகு வந்தவர்கள் கையில் நீச்சலுடை விலைப்பட்டியல் இருந்தது. ஸ்பீடோ எல்.இசட்.ஆர். ரேசர் உடை அந்த வருடம்தான் வந்தது. அடுத்த வருடம் முழுக்க பாலியூரிதேன் உடைகள் வந்து, ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் உடைந்தன. 2010 ஜனவரி முதல் அந்த உடைகளுக்குத் தடை. ஒரு அப்பா துபாயிலிருந்து மகனுக்கு அப்படி ஒன்றை வாங்கிவந்து, தடை வந்ததும் என்ன செய்வதென்று கேட்டார். அந்தப் பணத்துக்குப் பையனுக்கு இரண்டு வருடம் முட்டையும் பாலும் கொடுத்திருக்கலாம் என்று சொன்னேன். பதினான்கு வயதுப் பையனுக்கு உடை தருகிற நூறில் ஒரு பங்கு விநாடியைவிட, ஒழுங்கான தூக்கம் தருகிற வேகம் அதிகம்.

ஆனால் அந்தத் தடையோடு வந்த விதி ஒன்று என் பெண் பிள்ளைகளுக்கு நல்லது செய்தது. பெண்களின் போட்டி உடை தோளிலிருந்து முழங்கால் வரை இருக்கலாம் என்று ஆனது. முட்டிவரை உடை வழக்கமான பிறகு, எட்டாம் வகுப்போடு நின்றுபோன எத்தனையோ பெண்கள் மேலும் ஒன்றிரண்டு வருடம் நீந்தினார்கள்.

பெண் பிள்ளைகள் நிற்பதற்கு மூன்று காரணங்கள். முதலாவது நிறம். "கறுத்துப்போயிட்டா மேடம், சொந்தக்காரங்க எல்லாம் கேக்கறாங்க" என்பார்கள். இந்தக் கவலையோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பெண்கள் அணிப் பயிற்சியை முழுக்க விடியற்காலைக்கு மாற்றினேன், ஏழு மணிக்கு மேல் யாரும் தண்ணீரில் இல்லை. இரண்டாவது மாதவிடாய். என் காலத்தில் நாங்கள் ஐந்து நாள் காரணம் சொல்லாமல் லீவு போடுவோம். ஆண் கோச்சிடம் வாய் திறக்க முடியாது. நான் கோச்சான பிறகு அந்த நாட்களுக்கென்றே தரைப்பயிற்சி அட்டவணை ஒன்றை வைத்தேன். காரணம் கேட்பதில்லை, சுவரில் ஒட்டியிருக்கும், அவர்களே எடுத்துச் செய்வார்கள். இப்போது கப் பயன்படுத்தித் தண்ணீரிலேயே இறங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். அம்மாக்களைத் தனியே கூப்பிட்டு விளக்கியிருக்கிறேன். மூன்றாவது காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் பெண்ணின் உடம்பு மாறுகிறது. இடுப்பு அகலமாகிறது, மிதக்கும் சமநிலை மாறுகிறது, ஒரு வருடம் ஒன்றரை வருடம் நேரம் நின்றே போய்விடும். முந்தின வருடம் தன்னிடம் தோற்றவள் தன்னைத் தாண்டிப் போவாள். இது வரும், இருக்கும், போய்விடும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவைத்த பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். சொல்லாத கோச்சுகளிடமிருந்து வந்த பெண்கள், "எனக்கு டேலண்ட் இல்ல மிஸ்" என்று நீச்சல் பையைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

பையன்களுக்கு வேறு கதை. ஒரே கோடையில் அரை அடி வளர்ந்துவிடுவார்கள். கை நீளமாகிவிடும், ஆனால் அந்தக் கையை எங்கே நுழைப்பது என்று மூளைக்குத் தெரியாது. பட்டர்ஃப்ளையில் உதையும் கையும் சேராது. அப்போது தூரத்தைக் குறைத்து, மெதுவாக, ஒரு கையால் மட்டும் நீந்தவிட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு தன்னைத்தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தாண்டி வந்த பிள்ளையின் முன்னால் பத்தாம் வகுப்பு நிற்கும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வருவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். "டென்த் முடியட்டும், மேடம். அப்புறம் கண்டிப்பா அனுப்பறோம்" என்பார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துத் திரும்புகிற பிள்ளை வேறு பிள்ளை. உயரம் கூடியிருக்கும், தண்ணீரின் பிடி போயிருக்கும். முதல் வாரம் ஸ்டாப்வாட்சைப் பார்ப்பான். தன் பழைய நேரத்துக்கு நாலு விநாடி பின்னால். மூன்றாவது வாரம் வரமாட்டான். அதற்குள் பதினொன்றாம் வகுப்பு டியூஷனும் தொடங்கியிருக்கும். 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று வருடம் பொதுத்தேர்வானது. அதே சமயத்தில் நீட் வேறு. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவாகப் போட்டி நடத்துகிறது. எங்கள் பக்கத்தில் முதல் பிரிவில் லேன் போதாது. கடைசிப் பிரிவில் சில போட்டிகளில் நீந்த ஆளே இருக்காது, மூன்று பேர் வந்தால் மூன்று பேருக்கும் பதக்கம்.

நான் கண்ட வழி ஒன்றுதான். விடுமுறை கேட்டு வருகிறவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டேன். "வாரத்துக்கு மூணு நாள், முக்கால் மணி நேரம் கொடுங்க" என்பேன். போட்டி கிடையாது, நேரம் எடுப்பது கிடையாது. பத்து நிமிடம் சும்மா நீந்து, இருபது நிமிடம் டெக்னிக், கடைசியில் நாலு 25 மீட்டர் வேகமாக. ஆறேகாலுக்குக் குளத்தை விட்டுக் கிளம்பிவிடலாம். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வாரம் இரண்டு நாளாகக் குறையும், தேர்வு நடக்கும் வாரங்களில் முழு விடுமுறை. வளர்கிற உடம்பு தண்ணீரோடு தொடர்பை விடாமல் இருக்க இவ்வளவு போதும். இப்படித் தொடர்ந்த பிள்ளைகளின் மார்க் குறைந்ததாக ஒரு பெற்றோரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. நன்றாகத் தூங்குகிறான், புத்தகத்தின் முன் நிலையாக உட்கார்கிறான் என்று சொன்னவர்கள் உண்டு.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குளத்தின் அனுமதி அட்டையையே கொடுக்க மாட்டோம் என்றார்கள். நிர்வாகத்தோடு மூன்று வருடம் பேசினேன். ஒவ்வொரு வருடமும் நீந்தியவர்களின் மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். நான்காவது வருடம் அட்டை கொடுத்தார்கள். என் மாணவர்கள் வாங்கிய பதக்கங்களைவிட அந்த அட்டையில் எனக்குப் பெருமை அதிகம்.

விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றியும் நேராகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அதற்காகப் பதினோராம் வகுப்பில் நீச்சலுக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சக கோச்சுகள் சிலருக்கு இதில் கோபம். எனக்கு இல்லை. உழைத்த பிள்ளைக்குச் சீட்டு கிடைத்தால் அது உழைப்பின் கூலி. கல்லூரியில் சேர்ந்த பிறகும் நீந்தினால் அதுவே போதும். நானும் ஒரு காலத்தில் கல்லூரி அணியில் இருந்ததால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

2020 மார்ச்சில் குளங்கள் மூடப்பட்டபோது மற்ற விளையாட்டுகளுக்கு மாற்று வழி இருந்தது. நீச்சலுக்கு இல்லை. வீட்டுக் கூடத்தில் நீந்த முடியாது. விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்காகக் குளங்களைத் திறக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்ததே அக்டோபர் நடுவில்தான். திரும்பி வந்த பிள்ளைகளுக்குத் தசை இருந்தது, மூச்சும் ஓரளவு இருந்தது. உள்ளங்கையில் தண்ணீரின் கனம் தெரியவில்லை. மாதக்கணக்கில் வீணையைத் தொடாத விரல் கம்பியில் தடுமாறுவதைப் போலத்தான் அது. அந்தப் பிடியை மீட்க ஆறு வாரம் வெறும் டிரில் மட்டுமே கொடுத்தேன். பத்தாம் வகுப்புக்காக ஒரு வருடம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பெற்றோரிடம் நான் வருடக்கணக்கில் சொல்லிவந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்த்த காலம் அது.

அடுத்த வருடம் ஜூனில் ரோமில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தினார். ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரம் 1:56.48. அந்தத் தகுதியை நேரடியாக எட்டிய முதல் இந்தியர் அவர். கேரளத்தில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்தவர், அங்கேதான் நீந்தப் பழகினார். அவருடைய அம்மா ஷாந்திமோள் ஒரு தடகள வீராங்கனை. ரோமில் நீந்தியபோது அவருக்கு வயது இருபத்தேழு, அதற்கு முன் கழுத்துக் காயத்தால் நீண்ட காலம் அவதிப்பட்டவர். இதை நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் பெற்றோரிடம் சொல்கிறேன். நீங்கள் நிறுத்தச் சொல்கிற வயதிலிருந்து பன்னிரண்டு வருடம் கழித்து அவர் தன் வாழ்க்கையின் சிறந்த நேரத்தை நீந்தினார். பதினைந்து வயதில் ஒரு நீச்சல் வீரரைப் பற்றி முடிவு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, கோச்சுக்கும் இல்லை.

என் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒலிம்பிக் போக மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மருத்துவர்களாக, வங்கி ஊழியர்களாக, அம்மாக்களாக இருக்கிறார்கள். அவர்களில் கடைசி மூன்று வருடத்தையும் தண்ணீரில் கழித்தவர்கள் இன்றும் நீந்துகிறார்கள், தங்கள் குழந்தைகளையும் இறக்கிவிடுகிறார்கள். பாதியில் போனவர்களில் அநேகம் பேர் குளத்துப் பக்கமே வருவதில்லை. பதினைந்தில் அறுந்த பழக்கத்தை முப்பதில் ஒட்டவைப்பது லேசில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற இளைய கோச்சுகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் குளத்தில் ஒரு லேனைக் காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். ஆரம்பத்தில் அதில் ஒரே ஒரு பிள்ளை நீந்தினாலும் அந்த லேனை சம்மர் கேம்ப்புக்குக் கொடுக்காதீர்கள். கணக்குக் கேட்கிற நிர்வாகத்திடம் மார்க் பட்டியலைக் காட்டுங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்கு முன்பே, ஜனவரியிலேயே, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். ஏப்ரலில் அவர்களாக வரும்போது முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்கள்.